தொண்ணூற்றேழு, ஒரு விரல் குறைவாக

அத்தியாயம் 7

நாங்கள் மரவாடியின் கேட்டைத் தாண்டி உள்ளே கால் வைத்த அதே நொடியில் பிளம்பரின் மூன்றாவது விரலை உடைத்தார்கள்.

முதலில் சுள்ளி முறிகிற சத்தம் என்றுதான் நினைத்தேன். மரவாடியில் வேறென்ன சத்தம் கேட்கும்? அடுத்து வந்த அலறல் மரத்துடையது இல்லை. எங்களுக்குப் பின்னால் வந்த பிளம்பரின் சம்சாரம், "ஐயோ, என் வீட்டுக்காரர்!" என்று கத்திக்கொண்டு ஓடப் பார்த்தாள். அக்கா அவள் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள்.

"நீ ஓடினா உன்னையும் கட்டிப்போடுவாங்க. அப்புறம் நான் ரெண்டு பேரை அவிழ்க்கணும். பேசாம என் பின்னாடி வா."

அக்கா என்றால் இன்சூரன்ஸ் அக்கா. பதினாலு வருஷம் ஒரு கம்பெனியில் பொய்க் கிளெய்ம்களைக் கண்டுபிடித்துக் கொடுத்தவள். பதினைந்தாவது வருஷம் மேனேஜரின் மச்சான் போட்ட கிளெய்மையும் கண்டுபிடித்ததால் வீட்டுக்கு அனுப்பப்பட்டவள். இப்போது சொந்தமாகத் துப்பறிகிறாள். நான் அவளுடைய உதவியாளன், பழைய கூரியர்காரன். வாய் ஓயாதவன் என்பதால் எனக்கு ரேடியோ என்று பெயர் வைத்துவிட்டாள். இந்த வேலையில் சாப்பாட்டை விட அடிதான் வேளாவேளைக்குக் கிடைக்கிறது.

விஷயம் இதுதான். நேற்றுக் காலை ஆறு மணிக்கு இந்த மரவாடியின் முதலாளி, எல்லோரும் பெரியவர் என்று கூப்பிடுகிற மனிதர், கேட்டைத் திறந்துகொண்டிருந்தார். ஹெல்மெட் போட்ட ஒருவன் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கி, வெட்டுக்கத்தியால் தோளில் ஒன்று, கழுத்தில் ஒன்று, தலையில் ஒன்று போட்டான். பெரியவர் இன்னும் ஆஸ்பத்திரியில் கண் திறக்கவில்லை. வெட்டியவன் வண்டியைப் பின்பக்கச் சந்தில் போட்டுவிட்டு ஓடிவிட்டான். வண்டி பிளம்பருடையது. மூன்று நாளைக்கு முன்னால்தான் குழாய் ஒழுகுகிறது என்று நடுத்தெருவில் பெரியவர் அவரைக் கன்னத்தில் அறைந்தார். பிளம்பரும் கொதித்துப்போய், "உன்னை வெட்டாம விடமாட்டேன்யா!" என்று தெருவே கேட்கக் கத்தினார். வண்டி விடிவதற்கு முன்பே வாசலில் இருந்து காணாமல் போய்விட்டது என்று அவர் சொன்னதை ஒரு காதும் கேட்கவில்லை. போலீஸ் தேடிக் கிளம்புவதற்குள் பெரியவரின் தம்பி பிளம்பரைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான்.

ஊர் அவனைச் சின்னவர் என்று மரியாதையாகச் சொல்லும். விரல் உடைக்கிறவனுக்கு என்ன 'அர்' வேண்டிக்கிடக்கிறது? எனக்கு அவன் சின்னவன்தான்.

ரம்ப மேஜைக்குப் பக்கத்தில் இரும்புத் தூணோடு பிளம்பரை உட்கார வைத்துக் கட்டியிருந்தார்கள். வெள்ளை பனியன் வியர்வையில் உடம்போடு ஒட்டியிருந்தது. வலது கையைப் பலகையில் வைத்து அழுத்த ஒருவன், தோளைப் பிடிக்க இரண்டு பேர். சின்னவன் கையில் மரச் சுத்தியல்.

"யாருடா அனுப்பினா? நீயா வெட்டினியா, சொல்லி வெட்டினியா?"

"நான் வெட்டலங்க... சத்தியமா வெட்டலங்க..."

"நாலாவது விரலுக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்," என்றாள் அக்கா, ஏதோ வரிசையில் நிற்கிறவள் மாதிரி.

சின்னவன் திரும்பினான். ஆளைப் பார்த்தால் கதவு. அதுவும் ரெட்டைக் கதவு. கண்ணெல்லாம் சிவந்து, ராத்திரி பூரா அழுதிருக்கிறான் என்று தெரிந்தது.

"நீ யாரு?"

"இவர் சம்சாரம் என்னை வேலைக்கு வெச்சிருக்காங்க. உங்க அண்ணனை வெட்டினவனைக் கண்டுபிடிக்கிறது என் வேலை. உங்க வேலையும் அதுதான்னு நினைக்கிறேன். இவர்தான்னு நிச்சயமா தெரிஞ்சா நீங்க என்ன வேணா செய்ங்க. தெரியாம செஞ்சா, வெட்டினவன் எங்கயோ உக்காந்து சிரிச்சுக்கிட்டிருப்பான்."

சின்னவன் சுத்தியலைப் பார்த்தான். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். மணி மூன்று.

"நாலு மணிக்கு இங்க சங்கு ஊதும். அதுக்குள்ள ஆளைக் கொண்டு வா. இல்லன்னா இவனைப் பெட்ரோல் ஊத்திக் கொளுத்துவேன். நீ போலீசுக்குப் போன் போட்டாலும் சரி."

போன் போட்டாகிவிட்டது, மூன்று தடவை. ஜீப் வந்துகொண்டே இருக்கிறதாம். ஒரு மணி நேரமாக வந்துகொண்டே இருக்கிறது.

அப்போது ஆபீஸ் அறையில் இருந்து ஒரு செம்பில் தண்ணீரோடு ஒருவர் வந்தார். முழுக்கை சட்டை, இஸ்திரி கலையாத பேன்ட், அமைதியான முகம். பெரியவரின் மகளைக் கட்டியவர். மரவாடி முழுக்க அவரை மாப்பிள்ளை என்றுதான் கூப்பிட்டது. குனிந்து பிளம்பரின் வாயில் தண்ணீர் ஊற்றினார்.

"சின்ன மாமா, அவர் ஒத்துக்கிட்டார்னா போதும். எதுக்கு இவ்வளவு..." என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, பிளம்பரிடம், "ஒத்துக்குங்க. வலி நிக்கும்ல," என்றார்.

இந்தக் கூட்டத்தில் ஒரு மனுஷனாவது இருக்கிறானே என்று எனக்கு ஆறுதலாக இருந்தது.

பிளம்பரின் வண்டியைக் கூரைக்கு அடியில் சாய்த்து வைத்திருந்தார்கள். பதினைந்து வருஷத்துப் பழசு. ஸீட்டில் கிழிசல், பக்கவாட்டில் கருவிப் பை, அதில் இருந்து குழாயை இறுக்குகிற பைப் ரிஞ்சு ஒன்று தலையை நீட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் சின்னவனுடைய வண்டி, எருமைக்கடா அளவில், பளபளவென்று. அதை ஒட்டி ஒல்லியாக ஒரு சின்ன வண்டி.

"சாவி இல்லாம எப்படிம்மா திருடுவான்?" என்று அக்கா பிளம்பர் சம்சாரத்தைக் கேட்டாள்.

"ஹேர்பின் போட்டாலே ஸ்டார்ட் ஆகும்க்கா. அது ஊருக்கே தெரியும்."

"பெட்ரோல் இருந்துச்சா?"

"எங்க இருந்துச்சு! அன்னன்னிக்கு வேலைக்குப் போறப்ப ஒரு லிட்டர் போடுவார். அடி வாங்கினதுல இருந்து வேலைக்கே போகல. முந்தாநாள் தெருமுனையில இருந்து தள்ளிக்கிட்டுத்தான் வந்தார்."

அக்கா டேங்க் மூடியைத் திறந்தாள். எட்டிப் பார்த்தவள் என்னைப் பார்த்தாள். நானும் எட்டிப் பார்த்தேன். டேங்க் கிட்டத்தட்ட நிறைந்திருந்தது. கழுத்துக்குக் கீழே ஒரு விரல் அகலம்தான் பாக்கி.

"ரேடியோ, டியூப் போட்டு கொஞ்சம் எடு."

எடுப்பது என்றால் வாயால் உறிஞ்சுவது. எனக்குத்தான் அந்தப் பாக்கியம். ஒரு வாய் குடித்து, அரை வாய் துப்பி, மிச்சத்தைக் காலித் தண்ணீர் பாட்டிலில் பிடித்தேன். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்ததும் என் குமட்டல் நின்றுவிட்டது.

பெட்ரோல் சிவப்பாக இருந்தது.

"அக்கா, இது தொண்ணூத்தேழு!"

"விளக்கமா சொல்லு."

"பங்க்ல ரெண்டு பெட்ரோல் இருக்குக்கா. சாதா, தொண்ணூத்தொண்ணு ஆக்டேன், மஞ்சளா இருக்கும். ஒசத்தி, தொண்ணூத்தேழு, சிவப்பா இருக்கும். கலந்து ஏமாத்தக் கூடாதுன்னு கலர் போட்டு வெச்சிருக்காங்க. இந்த ஓட்டை வண்டிக்கு எவனாவது தொண்ணூத்தேழு போடுவானா?"

அக்காவின் மூக்கு நுனி லேசாக அசைந்தது. துப்பு கிடைத்தால் அப்படித்தான் அசையும். "நீ வண்டிகிட்டயே இரு, யாரையும் தொட விடாதே," என்று பிளம்பர் சம்சாரத்திடம் சொல்லிவிட்டு என் வண்டியில் பின்னால் ஏறிக்கொண்டாள்.

பிளம்பரின் வீட்டுக்கும் மரவாடிக்கும் நடுவில் தொண்ணூற்றேழு விற்கிற பங்க் ஒன்றுதான். அங்கே பம்புக்குப் பக்கத்தில் நீலச் சட்டை போட்ட ஒரு அம்மாள், கையில் குழாயோடு நின்றுகொண்டு, சிகரெட்டோடு வந்த ஒருவனைக் கிழித்துக்கொண்டிருந்தாள்.

"வெளிய போய்க் குடி! நீ சாகறதுன்னா தனியா சாவு, எங்களையும் எதுக்கு கூட்டிட்டுப் போற?"

அவன் ஓடியதும் அக்கா கேட்டாள். அந்த அம்மாள் யோசிக்கக்கூட இல்லை.

"நேத்து காலையில அஞ்சேகால். என் ஷிப்டுக்கு அதான் முதல் போணி. வண்டியைத் தள்ளிக்கிட்டு ஒருத்தன் வந்தான். கறுப்புக் கண்ணாடி ஹெல்மெட், கழட்டவே இல்ல. 'தொண்ணூத்தேழு, நெரப்புங்க, ஒரு விரல் கம்மியா'ன்னான். ஏன்யா இந்த வண்டிக்கு எதுக்குய்யா அதுன்னு கேட்டேன். ஒரு நிமிஷம் அப்படியே முழிச்சான். என்ன சொன்னோம்னே அவனுக்குத் தெரியல. அப்புறம் 'பரவால்ல, போடுங்க'ன்னான்."

"ஒரு விரல் கம்மியான்னா?"

"கழுத்து வரைக்கும் ஊத்தினா வெயில்ல பொங்கும். வண்டியைக் கண்ணு மாதிரி பாத்துக்கறவன் சொல்ற பேச்சு அது. அப்படிப்பட்டவன் வண்டியா அது? ஸீட்ல பஞ்சு தொங்குது."

"குரல் தெரிஞ்ச குரலா?"

"இல்லம்மா. தொண்ணூத்தேழு ஆளுங்க எல்லாம் சாயந்திரம் வர்றவங்க. நான் காலையிலதான் இருப்பேன். இன்னிக்கு ஒருத்தி லீவு, அதான் நிக்கிறேன்."

நான் சும்மா இருப்பேனா? "நான்கூட மாசம் ஒரு தடவை என் வண்டிக்குத் தொண்ணூத்தேழு போடுவேன். சத்து ஏறட்டுமேன்னு," என்றேன்.

அந்த அம்மாள் என் வண்டியை மேலும் கீழும் பார்த்தாள். என்னையும் அப்படியே பார்த்தாள்.

"சத்தா? டானிக்கா இது? யோவ், ஆக்டேன்னா சத்து இல்ல, பொறுமை. இஞ்சினுக்குள்ள பெட்ரோலைப் போட்டு அமுக்குதில்ல, எவ்வளவு அமுக்கினாலும் நேரம் வர்றதுக்கு முன்னாடி வெடிக்காம எவ்வளவு பொறுத்துக்கும்ங்கற நம்பர்தான் அது. ரொம்ப அமுக்கற இஞ்சினுக்குத் தொண்ணூத்தேழு வேணும், இல்லன்னா கிணுகிணுன்னு தட்டி பிஸ்டனே போயிடும். லேசா அமுக்கற இஞ்சினுக்கு தொண்ணூத்தொண்ணு போதும். மேல போட்டாலும் ஒண்ணும் ஆகாது, உன் வண்டி உன்னைப் பாத்து சிரிக்கும், அவ்வளவுதான். வண்டி பெருசா சின்னதா, வெலை என்னன்னு பாத்து போடறதில்ல. மூடியில எழுதியிருக்கும், படிச்சுட்டுப் போடணும். எவன் படிக்கிறான்?"

எனக்குக் காதில் பாதிதான் விழுந்தது. மண்டைக்குள் மின்னல் அடித்துவிட்டதே!

"அக்கா! கிடைச்சுட்டான்! திருடின வண்டிக்குக்கூட பழக்கத்துல வாய் தவறித் தொண்ணூத்தேழு கேட்டிருக்கான். அப்படின்னா அவனோட சொந்த வண்டி தொண்ணூத்தேழு குடிக்கிற வண்டி. பெரிய வண்டி! எருமைக்கடா! சின்னவன்தான்க்கா! அண்ணனை வெட்டிட்டு இப்ப அழுது நாடகம் போடறான்!"

"ரேடியோ, அவசரப்படாதே. அந்தம்மா கடைசியா சொன்னதைக் கேட்டியா?"

"மணி மூணே முக்கால்க்கா. ஏறுங்க!"

வழியெல்லாம் அக்கா பின்னாலிருந்து ஏதோ சொன்னாள். காற்றில் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன். இவன்தான் என் வாழ்க்கையில் நானாகக் கண்டுபிடித்த முதல் குற்றவாளி.

மரவாடிக்குள் வண்டியை நிறுத்தக்கூட இல்லை, படுக்கப் போட்டேன்.

"நீதான்டா வெட்டினே! உன் அண்ணனை நீதான்டா வெட்டினே!"

சின்னவன் ஒரு நொடி புரியாமல் நின்றான். புரிந்ததும் முதல் குத்து வாயில் விழுந்தது. பல் ஒன்று நாக்கின் மேல் வந்து உட்கார்ந்தது. இரண்டாவது குத்து விலாவில். கீழே விழுந்தேன். மூன்றாவது உதை, நான்காவது உதை என்று எண்ணிக்கொண்டிருந்தேன், ஐந்தாவதில் கணக்கு விட்டுப்போயிற்று. மரத்தூள் வாய்க்குள், மூக்குக்குள் போய், ரத்தத்தோடு சேர்ந்து பசையாகிவிட்டது. தலைமயிரைப் பிடித்துத் தூக்கி, ரம்ப மேஜையின் விளிம்பில் என் நெற்றியை ஒரு தடவை மோதினான்.

"எங்க அண்ணன்... என்னைத் தோள்ல தூக்கி வளர்த்தவர்டா! அவரை நானாடா வெட்டுவேன்?"

அவன் அழுதான். அடித்துக்கொண்டே அழுதான். நாடகம் இல்லை அது. அடி வாங்குகிறவனுக்கு அது நன்றாகத் தெரியும்.

என்னைத் தூணுக்குப் பக்கத்தில், பிளம்பரின் காலடியில் எறிந்தான். "ரெண்டு பேரையும் சேத்துக் கொளுத்தறேன். மாப்பிள்ளை! பெட்ரோல் கொண்டாங்க!"

"சின்ன மாமா, கொஞ்சம்..." என்று இழுத்தார் மாப்பிள்ளை. பிறகு, "சரி," என்று ஒரு வெள்ளைக் கேனை எடுத்துக்கொண்டு கூரைப் பக்கம் போனார்.

வீங்கிக்கொண்டிருந்த கண்ணால் பார்த்தேன். அக்கா ஓடவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. எருமைக்கடா வண்டியின் டேங்க் மூடியைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரேடியோ, மஞ்சள்," என்றாள். "மூடியில தொண்ணூத்தொண்ணுன்னு போட்டிருக்கு. உடம்புதான் பெருசு, இஞ்சின் லேசா அமுக்கற இஞ்சின். அந்தம்மா சொன்னதை நான் வழியெல்லாம் உனக்குச் சொல்லிட்டு வந்தேன்."

செத்தேன் என்று நினைத்தேன். நான் மட்டும் செத்தால் பரவாயில்லை, என் அவசரத்தால் பிளம்பரும் சாகப் போகிறாரே! அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபமே இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "மன்னிச்சுடுங்கண்ணே," என்றேன். பல் போன வாயில் அது வேறு ஏதோ சத்தமாக வந்தது.

மாப்பிள்ளை கேனோடு வந்தார்.

"என்ன மாப்பிள்ளை, நெரப்பலையா?"

"ஒரு விரல் கம்மியாதான் பிடிக்கணும் சின்ன மாமா. நெரப்பினா வெயில்ல பொங்கிடும்."

அக்கா சட்டென்று நிமிர்ந்தாள். ஆனால் சின்னவன் அதற்குள் கேனைப் பிடுங்கிப் பிளம்பரின் தலையில் கவிழ்த்துவிட்டான். அவர் மூச்சுத் திணறி இருமினார். என் முதுகிலும் சில்லென்று தெறித்தது. சின்னவன் பையில் இருந்து லைட்டரை எடுத்தான். பிளம்பரின் சம்சாரம் வண்டிப் பக்கத்தில் இருந்து போட்ட அலறலில் கூரையில் இருந்த புறாக்கள் எழுந்து பறந்தன.

"நிறுத்துங்க! உங்க அண்ணன் மேல ஆணை, அவர் பனியனைப் பாருங்க!" என்று அக்கா கத்தினாள்.

அண்ணன் என்ற சொல்லுக்குச் சின்னவனின் கட்டைவிரல் நின்றது. எல்லோரும் பனியனைப் பார்த்தோம். வெள்ளை பனியன் நெஞ்சில் இருந்து இடுப்பு வரை இளஞ்சிவப்பாக மாறியிருந்தது.

அக்கா பாட்டிலைத் தூக்கிக் காட்டினாள். அதே சிவப்பு.

"இது பிளம்பர் வண்டியில இருந்து எடுத்தது. நேத்து காலையில வெட்ட வந்தவன் வழியில ஊத்தினது. தொண்ணூத்தேழு, ஒரு விரல் கம்மியான்னு கேட்டு வாங்கியிருக்கான். மாப்பிள்ளை, கேன்ல இருந்த பெட்ரோல் எங்க எடுத்தீங்க?"

"என் வண்டியிலதான்," என்றார் மாப்பிள்ளை. சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது.

"அந்த ஒல்லி வண்டி. பாத்தா சைக்கிளுக்கு அக்கா மாதிரி இருக்கு. மூடியில என்ன எழுதியிருக்கு தெரியுமா? தொண்ணூத்தஞ்சுக்குக் கீழ போடாதேன்னு. சின்ன இஞ்சின், ஆனா பிழிஞ்சு எடுக்கற இஞ்சின். அதுக்கு வருஷக்கணக்கா தொண்ணூத்தேழு கேட்டுக் கேட்டு உங்க நாக்குக்கு வேற நம்பரே வராது. வண்டி மாறினது கைக்குத் தெரிஞ்சுது, வாய்க்குத் தெரியல."

"தொண்ணூத்தேழு நான் ஒருத்தன்தான் போடறேனா? ஆயிரம் பேர் போடறாங்க." குரல் இன்னும் அமைதியாகத்தான் இருந்தது. இப்போது அந்த அமைதியைக் கேட்க எனக்குப் பயமாக இருந்தது. சின்னவன் உரசினால் வெடிக்கிறவன், தெரிந்துவிடும். இந்த ஆள் எவ்வளவு அமுக்கினாலும் வெடிக்காமல் காத்திருந்து, சரியான நேரத்தில் வெடிக்கிற ரகம்.

"சரிதான்," என்றாள் அக்கா. "சின்னவரே, ஆஸ்பத்திரியில உங்க அண்ணன் பொண்ணு இருக்கில்ல? போன் போட்டு ஒண்ணே ஒண்ணு கேளுங்க. நேத்து காலையில உன் வீட்டுக்காரர் எத்தனை மணிக்கு வெளிய போனார்னு. ஸ்பீக்கர்ல போடுங்க."

"சின்ன மாமா, அவ அழுதுக்கிட்டு இருக்கா, இப்பப் போய்..."

சின்னவன் போட்டான். ஒரு கையில் லைட்டர், ஒரு கையில் போன். மணி மூன்று தரம் அடித்தது.

"சித்தப்பா?"

"கண்ணு, நேத்து மாப்பிள்ளை எத்தனை மணிக்குக் கிளம்பினார்?"

அந்தப் பக்கம் ஒரு கதவு சாத்தப்படுகிற சத்தம் கேட்டது.

"சித்தப்பா... அவர் பக்கத்துல இருக்காரா?"

"நான் இருக்கேன்மா. சொல்லு."

"நாலு மணிக்கே போயிட்டார். ஏழு மணிக்கு வந்து குளிச்சார். யார் கேட்டாலும் அவர் தூங்கிக்கிட்டு இருந்தார்னு சொல்லணும், இல்லன்னா அடுத்து நீதான்னார். சித்தப்பா, என் கை படியில விழுந்து உடையல, இவர் உடைச்சது. அப்பாவுக்குத் தெரிஞ்சு போச்சு. இந்த வாரம் என்னைக் கூட்டிட்டுப் போயிடறேன்னு அவர்கிட்ட நேராவே சொல்லிட்டார்..."

சின்னவன் போனையே பார்த்துக்கொண்டு நின்றான். அந்த நேரம் போதும் மாப்பிள்ளைக்கு. லைட்டரைப் பறித்துக்கொண்டு ஒரே எட்டில் பிளம்பரின் பின்னால் போய், அவர் தலைமயிரைக் கொத்தாகப் பிடித்து, லைட்டரை ஈரக் கன்னத்தில் வைத்து அழுத்தினான். இனிமேல் அவனுக்கும் 'அர்' கிடையாது.

"கேட்டைத் திறக்கச் சொல்லுங்க. ஒருத்தர் அசைஞ்சாலும் பத்த வெச்சுடுவேன். இந்த வாயாடியும் சேந்து எரிவான்."

யாரும் அசையவில்லை. தடியன்கள் மூன்று பேரும் சிலையாக நின்றார்கள். பெட்ரோல் வாடையில் கண் எரிந்தது. பிளம்பர் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு சம்சாரத்தின் பெயரை முணுமுணுத்தார்.

"திறந்து விடுங்க," என்றாள் அக்கா. "வண்டியை எடுத்துக்கிட்டுப் போகட்டும். மாப்பிள்ளை, என்னைப் பாருங்க. இங்க பாருங்க. உங்களுக்கு வழி விடறோம்."

அவன் அக்காவைப் பார்த்தான். ஆகவே பின்னால் வந்தவளை அவன் பார்க்கவில்லை. பிளம்பரின் சம்சாரம் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு மரத்தூளில் சத்தமில்லாமல் வந்திருந்தாள். கையில் புருஷனின் பைப் ரிஞ்சு. இரண்டு கையாலும் தூக்கி, லைட்டர் பிடித்த மணிக்கட்டில் இறக்கினாள்.

இந்தத் தடவை கேட்ட சத்தம் சுள்ளி இல்லை, கொம்பு.

லைட்டர் பற்றாமல் கீழே விழுந்தது. நான் அதன் மேல் வயிற்றைப் போட்டுப் படுத்துக்கொண்டேன். என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே வீரச்செயல் படுத்ததுதான். மேலே மாப்பிள்ளையின் அலறல், அதற்கு மேல் சின்னவனின் உறுமல். சின்னவன் அவன் கழுத்தைப் பிடித்து ரம்ப மேஜையில் சாய்த்து, முகத்தில் குத்தத் தொடங்கினான். மூக்கு போயிற்று. உதடு கிழிந்தது.

"விடுங்க!" அக்கா அவன் கையில் தொங்கினாள். "இவன் உயிரோட நின்னு சொல்லணும். அந்தப் பொண்ணு பயமில்லாம தூங்கணும்னா இவன் ஜெயிலுக்குப் போகணும். ஒரு தப்பு பண்ணிட்டீங்க, போதும்!"

சின்னவனின் கை காற்றிலேயே நின்றது. ஒரு தப்பு என்ற சொல் மெதுவாகத்தான் உள்ளே இறங்கியது. திரும்பிப் பிளம்பரைப் பார்த்தான். அவர் சம்சாரம் அதற்குள் கயிற்றை அறுத்துவிட்டு, தொட்டித் தண்ணீரை வாளி வாளியாக அவர் தலையில் ஊற்றிக்கொண்டிருந்தாள். கண்ணைத் துடைத்தாள். உடைந்த கையை மட்டும் தொடப் பயந்து, எட்டத்தில் இருந்து பார்த்துப் பார்த்து அழுதாள்.

சின்னவன் மரச் சுத்தியலைக் கொண்டு வந்து அவள் காலடியில் வைத்தான். பலகையின் மேல் தன் வலது கையை விரித்தான்.

"மூணு விரல்மா. எண்ணி உடைச்சுக்கோ. நான் கத்த மாட்டேன்."

அவள் சுத்தியலை எடுக்கவில்லை. ரிஞ்சு இன்னும் கையில் இருந்தது. அதைத் தூக்கினாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். சத்தம் வரவில்லை. கண்ணைத் திறந்தபோது அவள் ரிஞ்சைப் புருஷனின் மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"உன் விரலை உடைச்சா இவர் விரல் ஒட்டுமா? குழாய் வேலைக்காரர்யா இவர். இந்தக் கையிலதான் எங்க சோறு. எந்திரி. லாரியை எடு. ஆஸ்பத்திரிக்கு நீதான் ஓட்டணும். இந்தக் கை சரியாகற வரைக்கும் தினம் நீதான் கூட்டிட்டுப் போய் கூட்டிட்டு வரணும். நடுத்தெருவுல, எல்லாரும் பாக்க."

சின்னவன் எழுந்தான். ஜீப் வரும் வரை மாப்பிள்ளையை அதே தூணில் கட்டி வைக்கச் சொல்லித் தடியன்களுக்குக் கையைக் காட்டினான். பிளம்பரைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கி லாரியின் முன் ஸீட்டில் உட்கார வைத்தான். பிளம்பர் இடது கையால் ரிஞ்சின் பிடியை ஒரு தடவை பிடித்துப் பார்த்தார். வலது கையில் தப்பிய இரண்டு விரலையும் மெதுவாக மடக்கிப் பார்த்தார்.

"ஏழு இருக்கு," என்றார், பக்கத்தில் ஏறி உட்கார்ந்த சம்சாரத்திடம். "பிடிக்குது, பாரு."

அப்போதுதான் நாலு மணிச் சங்கு ஊதியது. எல்லோருக்கும் ஒரு தடவை உடம்பு தூக்கிப் போட்டது. சங்கு ஓயும் வரை சின்னவனால் சாவியைத் திருப்ப முடியவில்லை. பிறகு ஸ்டார்ட் செய்து, கேட்டைத் தாண்டி, மெதுவாக ஓட்டிக்கொண்டு போனான்.